எல்.இ.டி. பல்பு, ஒரு சமன், பெரியவரின் உடைந்த கை: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 51. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் விடியுமுன்பே கிளம்பிவிட வேண்டும். பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் மனைவியைப் பின்னால் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஆலைக்குப் போகிறார். லயத்திலிருந்து பெரிய ரோடு வரும்வரை தோட்டத்துச் செம்மண் பாதை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. நடு ரோட்டில் மாடு படுத்திருந்தாலும் கிட்டே போனால்தான் தெரியும் என்கிறார். பத்து வருடப் பழைய கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள். அதன் லைட்டு "மெழுகுவத்தி மாதிரி" எரிகிறதாம்.

அதனால் இணையத்தில் 38 வெள்ளிக்கு ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி, தாமே மாட்டிக்கொண்டார். விற்றவரின் இணையப் பக்கத்தில் "ஜே.பி.ஜே. அனுமதி பெற்றது" என்று போட்டிருந்தது. ஜே.பி.ஜே. என்பது சாலைப் போக்குவரத்துத் துறை. மாட்டிய அன்றே ரோடு வெள்ளை வெளேரென்று தெரிந்ததாம். எதிரே வருகிறவர்கள் லைட்டை மின்னி மின்னிக் காட்டினார்கள், அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில், அதே தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எதிரே சைக்கிளில் வந்தார். இவர் மோட்டார் அவரை உரசக்கூட இல்லை. ஆனால் பெரியவர் தடுமாறி ஓரத்து லோங்காங்கில் (வடிகாலில்) விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. இவரும் மனைவியும் நின்று, தூக்கி, கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

இப்போது பெரியவரின் மகன், "உங்கள் லைட்டு கண்ணைக் கூசித்தான் அப்பா விழுந்தார்" என்று 6,000 வெள்ளி கேட்கிறார். கோயில் தலைவர் முன்னிலையில் கையெழுத்துப் போட ஒரு தாளும் தயாராக இருக்கிறதாம். அதே வாரம் பெரிய ரோட்டில் ஜே.பி.ஜே. சோதனையில் லைட்டுக்காகச் சமனும் (குற்ற அறிவிப்புத் தாளும்) கிடைத்துவிட்டது. வாசகர் கேட்பவை இவை: கடையில் விற்கிற பல்பை மாட்டியது எப்படிக் குற்றம்? பகலிலேயே லைட்டைப் போடச் சொல்கிற சட்டம் பிரகாசமான லைட்டை ஏன் தடுக்கிறது? விபத்து நடந்தது தோட்டத்துக்குள், அங்கே சட்டம் செல்லுமா? பல்பு மாற்றியதால் இன்சூரன்ஸ் செல்லாமல் போய்விடுமா? தாளில் கையெழுத்துப் போடலாமா?

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். கோயிலில் உட்கார்ந்து பேசுவது நல்ல விஷயம்தான். ஒரே தோட்டத்தில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் "என் தவறால்தான் விழுந்தார், இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது பிறகு எல்லா இடத்திலும் உங்களுக்கு எதிராகப் பேசும். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை அநேகமாக எல்லாப் பாலிசியிலும் இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்றே உங்களுக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் விலகிக்கொள்ள நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

அவசரமும் இல்லை. கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு வழக்குப் போட தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. "இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம்" என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய கெடு, சட்டத்தின் கெடு இல்லை.

சட்டம் பார்ப்பது வெளிச்சம் விழும் இடத்தை

"பகலிலும் லைட்டைப் போடு என்கிறார்கள், அப்புறம் பிரகாசம் ஏன் குற்றம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992 செப்டம்பரில் வந்தது. சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களின் விபத்துகளை வைத்து சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் ராடின் உமாரின் குழுவினர் செய்த ஆய்வு, "மோட்டார் வந்ததைப் பார்க்கவில்லை" என்ற வகை விபத்துகள் அந்த விதிக்குப் பிறகு சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. அந்த விதி எதிரே வருகிறவர் உங்களைப் பார்ப்பதற்காக வந்தது. அவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு அந்த நோக்கத்துக்கே எதிரானது. கண் கூசினால் அவருக்கு உங்கள் மோட்டாரும் தெரியாது, தன் காலடியில் இருக்கும் லோங்காங்கும் தெரியாது.

உங்கள் பழைய பல்பைத் தூக்கி எறியவில்லை என்றால் கையில் எடுத்துப் பாருங்கள். கப்சாய்களில் பெரும்பாலும் எச்எஸ்1 என்ற வகை இருக்கும். பெரிய மோட்டார்களில் எச்4. கண்ணாடிக்குள் இரண்டு கம்பிச் சுருள் தெரியும். அதில் ஒன்றின் கீழே மட்டும் கரண்டிக் குழி போல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். லோ பீம், அதாவது தாழ்த்தி எரியவிடும் வெளிச்சம், அந்தச் சுருளிலிருந்துதான் வருகிறது. கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அந்தத் தகடு மறைத்துவிடுவதால், பிரதிபலிப்பானின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு ரோட்டை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் முகத்துக்கு ஒளி போகாமல் காப்பது அந்தத் தகடுதான்.

மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் ஒளிவிடும் சில்லு அந்தச் சுருள் இருந்த இடத்தில் சரியாக உட்காருவதில்லை. ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே கணக்கு கெட்டுப்போய் ஒளி மேலேயும் பக்கத்திலும் சிதறும். உங்களுக்கு ரோடு வெள்ளையாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் கிட்டே, முன் சக்கரத்துக்குச் சில மீட்டர் தூரத்தில்தான் அப்படித் தெரிந்திருக்கும். கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்தில் படுத்திருக்கும் மாடு முன்பைவிட இருட்டில் மறைந்துவிடும். நன்றாகத் தெரிகிறது என்ற நினைப்பில் வேகமும் கூடும். நான் பார்க்கும் விபத்து வழக்குகளில் இது கவலைக்குரிய விஷயம்.

பல்புப் பெட்டியில் ஆங்கில 'இ' எழுத்து வட்டத்துக்குள் இருக்கிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 10ஆர் என்று இருந்தால், அந்தப் பல்பு ரேடியோ போன்ற மற்ற மின்கருவிகளுக்கு இடைஞ்சல் தராது என்ற சோதனையில் தேறியது என்றுதான் பொருள். ஒளி எங்கே விழுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கம்பிச் சுருள் பல்புகளுக்கான ஐ.நா. விதி எண் 37. உங்கள் விளக்கு அந்த வகைப் பல்பை உள்ளே வைத்துச் சோதித்து அனுமதிக்கப்பட்டது. அதற்குள் வேறு வகையை மாட்டினால் அந்த அனுமதி இந்தப் பல்புக்குத் தொடராது. கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே ரோட்டில் ஓட்ட அனுமதி இருக்கிறது என்றும் ஆகாது.

சமனை என்ன செய்வது

விளக்கு விஷயங்கள் 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன (கட்டமைப்பு, பயன்பாடு) விதிகளின் கீழ் வருகின்றன. முதல் முறை என்றால் அதிகபட்சம் 2,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பல்புக்காக யாரும் உங்களைச் சிறையில் போடப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் சமனைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள். அதில் எந்த விதி எழுதியிருக்கிறது, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். காம்பவுண்ட் (கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளும் தண்டத் தொகை) கட்ட வாய்ப்பு இருந்தால், பழைய வகைப் பல்பை மாட்டி, படம் எடுத்து, பட்டறை ரசீதோடு ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். காம்பவுண்ட் கட்டுவது வேறு, நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொண்ட வாக்குமூலத்தைப் பிறகு சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டலாம். உங்கள் சமன் விபத்துக்காகக் கொடுத்தது இல்லை. வேறொரு இடத்தில், வேறொரு நாளில் கொடுத்தது. ஆனாலும் அது அதே பல்பைப் பற்றியது. ஆகவே கோர்ட் தேதி போட்டிருந்தால், போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த எல்.இ.டி. பல்பைக் கழற்றுங்கள், ஆனால் எறியாதீர்கள். கழற்றுமுன் மோட்டாரில் இருப்பது போலவே படம் எடுத்துவிட்டு, பெட்டியோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். விபத்துக்குப் பிறகு பல்பைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால், "எதையோ மறைக்கிறார்" என்றுதான் கேள்வி வரும்.

தோட்டத்து ரோடு: பாதி உண்மை

"தோட்டத்துக்குள் சட்டம் செல்லாது" என்று உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் அது ஆபத்தானது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 'ரோடு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பொது ரோடும் வரும், பொதுமக்கள் போய்வரும் மற்ற ரோடுகளும் வரும். தனியார் பராமரிக்கும் தனியார் ரோட்டுக்கு ஒரு விலக்கும் அதே விளக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று கேட்டால், உங்களுடையது போன்ற தோட்டத்து ரோட்டில்தான். தோட்ட நிர்வாகம் மண் கொட்டிச் செப்பனிடுகிறது. ஆனால் பள்ளி பஸ், பழ லாரி, கோயிலுக்கு வரும் வெளியூர் மக்கள், மீன்காரர் எல்லாரும் அதில்தான் வருகிறார்கள். வாசலில் தடைக்கம்பம் இருக்கிறதா, இரவில் பூட்டுகிறார்களா, அறிவிப்புப் பலகை என்ன சொல்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் வாதம் நடக்கும்.

ஆனால் இந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம் வரலாம். கட்டாய மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் என்பதே ரோட்டில் வாகனம் ஓட்டுவதை ஒட்டியது. "அது ரோடே இல்லை" என்று நீங்கள் நிரூபித்தால், "அப்படியானால் எங்களுக்கும் பொறுப்பு இல்லை" என்று இன்சூரன்ஸ்காரர் சொல்ல இடம் கிடைக்கும். அதே நேரத்தில், அடுத்தவருக்குத் தீங்கு வராமல் கவனமாக ஓட்ட வேண்டிய கடமை எந்த ரோட்டிலும் உண்டு. லயத்து வாசலிலும் உண்டு. பெரியவர் நஷ்டஈடு கேட்பது அந்தக் கடமையின் பேரில்தான். ஆகவே தனியார் ரோடு என்ற பேச்சை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

மோட்டார் தொடவே இல்லையே?

தொடாமலும் பொறுப்பு வரலாம். உங்கள் செயலால் ஒருவர் தடுமாறி விழுந்தார் என்று காட்டினால் போதும், உரசல் தேவையில்லை. ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் பெரியவர். லைட்டு முறைப்படி இல்லை, அதனால் கண் கூசியது, கூசியதால் விழுந்தார் என்று மூன்றையும் அவர் நிறுவ வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. மூன்று மாதமாக எதிரே வந்தவர்கள் லைட்டை மின்னிக் காட்டினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீதிபதி கவனிக்கும் வரி இது. தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கும், பலர் சைகை காட்டியும் அப்படியே ஓட்டியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருட்டில் மனைவியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற கவலையில் செய்தது என்பது புரிகிறது. ஆனால் உங்கள் பக்கம் எங்கே பலவீனம் என்று நீங்கள் தெரிந்துகொண்டால்தான் சரியான முடிவுக்கு வர முடியும்.

மறுபக்கமும் உண்டு. பெரியவரின் சைக்கிளில் விளக்கு இருந்ததா? எந்தப் பக்கமாக வந்தார்? லோங்காங்குக்கு எவ்வளவு அருகில் ஓட்டினார்? அந்த இடத்தில் ஓரம் அரித்துப் போயிருந்ததா? 1956 சிவில் சட்டத்தின்படி, விழுந்தவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு பிரித்து, அந்த அளவுக்கு நஷ்டஈட்டைக் குறைக்கும். அந்த இடத்தை இப்போதே, அதே விடியற்காலை நேரத்தில் போய்ப் படம் எடுத்து வையுங்கள். தோட்டத்தில் மண் கொட்டிச் சமன் செய்துவிட்டால் அடையாளம் போய்விடும்.

6,000 வெள்ளி எப்படி வந்தது என்று கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. கை கட்டியிருந்த வாரங்களில் வருமானம் போயிருக்கலாம், போக்குவரத்துச் செலவு இருக்கலாம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை உண்டு. எல்லாம் சேர்த்து 6,000-க்குக் குறைவாகவும் வரலாம், கூடவும் வரலாம். மருத்துவ அறிக்கையும் ரசீதும் பார்க்காமல் அது நியாயமா இல்லையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்த மகன் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை தினமும் பார்க்கிறவர் அவர்.

உதவ வேண்டும் என்று மனம் சொன்னால் உதவலாம். ஆனால் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்த பிறகு, "உரிமைகளுக்குப் பாதகமின்றி, மனிதாபிமான உதவியாக" என்று எழுதிய ரசீதோடு கொடுங்கள். போய் நலம் விசாரிக்க யாருடைய சம்மதமும் வேண்டாம்.

இன்சூரன்ஸ், போலீஸ் புகார்

பல்பை மாற்றிய அன்றே பாலிசி செத்துவிடும் என்பது தவறான எண்ணம். உங்கள் மோட்டாருக்கு என்ன சேதம் என்பது ஒரு கணக்கு. மூன்றாம் தரப்பு மட்டும் உள்ள பாலிசி என்றால் அதில் உங்களுக்கு எப்படியும் ஒன்றும் கிடைக்காது. அடுத்தவர் காயம் என்பது வேறு கணக்கு. அங்கே வாகனத்தின் நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் எளிதாக நழுவிவிடாதபடி 1987 சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. காயப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அவருக்குக் கட்டிய பணத்தைப் பிறகு உங்களிடம் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு வழி இருக்கலாம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, இல்லை என்று நடுங்கவும் வேண்டாம். மகனின் கோரிக்கை, விபத்து விவரம், சமன் நகல் எல்லாவற்றையும் எழுத்து மூலமாக உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தாமதம்தான் அவர்களுக்குப் பிடித்த காரணம்.

போலீசில் புகார் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காயம் ஏற்பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நேரம் கடந்துவிட்டது. அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். தாமதமான புகாருக்கு விளக்கம் கொடுக்கலாம், புகாரே இல்லாததற்கு விளக்கம் கிடையாது. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம், என்ன வேகம், ஹை பீமா லோ பீமா, உரசவில்லை, நின்று உதவினீர்கள், கிளினிக்குக்குக் கொண்டுபோனீர்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் ஏன் விழுந்தார் என்று நீங்களாக ஊகித்துச் சொல்ல வேண்டாம். பல்பு மாற்றியதைக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். உங்கள் மனைவி நேரில் பார்த்த சாட்சி. அவர் தமக்கு நினைவில் இருப்பதைத் தனியாக, இப்போதே எழுதி வைக்கட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது.

விற்றவர் "ஜே.பி.ஜே. அனுமதி" என்று போட்டிருந்தாரே, அந்தப் பக்கம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொய்யான வாசகத்தை நம்பி வாங்கினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். 38 வெள்ளிக்காக அலைவதா என்று தோன்றும். அந்த வாசகம் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சான்று என்பதால்தான் பாதுகாக்கச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையில் போகும்போது அடிபட்டால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) வேலை விபத்தாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ஆனால் வழியை விட்டு விலகிய இடத்தில் நடந்தால் கேள்வி வரும். மனைவியை இறக்கிவிடும் பள்ளிக்கூடம் ஆலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இருட்டில் எப்படிப் போவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சட்டத்தை மட்டும் ஒப்பிப்பது உங்களுக்குச் செய்யும் அநியாயம். நீங்கள் சொன்ன இருட்டு நிஜமானது.

நாணயமான பட்டறை ஒன்றுக்குப் போய், மோட்டார் ஓடும்போது பல்பின் காலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய வகையான ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடும். பத்து வருட மோட்டாரில் துருப்பிடித்த எர்த், கருகிய சாக்கெட், தேய்ந்த ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும். உங்கள் "மெழுகுவத்தி"க்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பழைய கப்சாய் சிலவற்றில் லைட்டுக்கு பேட்டரியிலிருந்து இல்லாமல் எஞ்சின் சுருளிலிருந்தே நேராக மின்சாரம் வரும். மெதுவாகப் போனால் மங்கும் என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. அப்படிப்பட்ட மோட்டாருக்கு எதை மாட்டுவது என்பதைத் தெரிந்த பட்டறைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது முன் கண்ணாடி. வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தால் மெருகேற்றுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். உள்ளே பிரதிபலிப்பானின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பும் உதவாது. முழு விளக்கையே நிறுவனத்தின் அசல் பாகமாக வாங்கிப் போடுவதுதான் வழி. பல்பு அதே வகை, அதே 35 வாட்டாக, பேர் தெரிந்த தயாரிப்பாக இருக்கட்டும். அந்த வகைக்கு விதிப்படியான அளவு லோ பீமில் சுமார் 525 லுமென், ஹை பீமில் 825. பெட்டியில் 8,000 லுமென் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். 100 வாட் ஹாலஜன் போடலாமா என்ற யோசனையும் வேண்டாம். 35 வாட்டுக்கு 3 ஆம்பியர் ஓடும் ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். பிளாஸ்டிக் விளக்கு உருகும், ஒயர் கருகும்.

பிறகு லைட்டின் குறி. மாலை இருட்டியதும் சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி மோட்டாரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். தினமும் போவது போலவே நீங்கள் உட்காருங்கள், மனைவியும் பின்னால் உட்காரட்டும். இது முக்கியம். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து லைட்டு மேலே தூக்கிக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் பல்போடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். இல்லையென்றால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். மோட்டாரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் வயதில் இரவுப் பார்வை மங்கத் தொடங்குவது சகஜம். கண்புரை இருந்தாலும் லைட்டு மங்கலாகத்தான் தெரியும். ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் முகக்கண்ணாடியையும் மாற்றுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். 60 கிலோமீட்டரில் நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறீர்கள். பார்த்து, சுதாரித்து, பிரேக் பிடித்து, செம்மண் சறுக்கலில் நிற்பதற்குள் சுமார் 60 மீட்டர் போய்விடும். 40-இல் போனால் 32 மீட்டரில் நின்றுவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண லோ பீம் அந்தத் தூரத்துக்குத்தான் துணை நிற்கும். நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதையில் இதனால் தாமதமாவது இரண்டே நிமிடம்.

லைட்டு பிரச்சினையில் தோட்ட நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. வளைவிலும் பாலத்திலும் லோங்காங் ஓரத்திலும் பிரதிபலிக்கும் கம்பங்கள் நட வேண்டும், விபத்து நடந்த இடத்தில் ஓரத்தைக் கட்ட வேண்டும் என்று தொழிற்சங்கத்தின் மூலமாக எழுத்தில் கேளுங்கள். பெரியவரின் மகனும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம்; இது உங்கள் இருவருக்கும் பொதுவான குறை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஈப்போவில் அரசாங்கச் சட்ட உதவித் துறையின் அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது சமன், பாலிசி, ரோட்டேக்ஸ், போலீஸ் புகார் நகல், படங்கள், மகன் கொடுத்த தாளின் நகல், கூடவே அந்தப் பல்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சமனில் உள்ள தேதி இன்னும் இரண்டு வாரத்துக்குள் என்றால், முதலில் அதைக் கவனியுங்கள்.